வெந்நீர் என்று எழுதிய கோப்பு

லோரி உதவியாள், செம்பனைக் குலை வெட்டு, ஜாகா என்கிற காவல் வேலை என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, புக்கிட் பெருந்துங்கில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவனுக்கு அது போதும். ஒரு மருத்துவமனையின் பழைய நோயாளிக் கோப்புகள் அங்கே கூரைவரை அடுக்கிக் கிடந்தன. அவற்றில் காலை வெட்டி எடுக்க நேர்ந்தவர்களின் கோப்புகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அவற்றை வாங்கிக் கணக்கெடுப்பவள் மேல்படிப்பு படிக்கும் தமிழ்ப் பெண். இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் கால் இழக்கிறார்கள், எதனால் இழக்கிறார்கள் என்று பழைய பதிவுகளிலிருந்தே கண்டுபிடிப்பது அவள் ஆய்வு. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று ஒருவரே மூன்று முறை வந்திருப்பார். “ஆள் ஒண்ணுதான் அங்கிள். மூணா எண்ணிட்டா கணக்கு பொய்யாயிடும்,” என்பாள். முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் காரணத்தைப் பார்த்து இரண்டாகப் பிரிப்பாள். மேசையின் இடப்பக்கம் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய்; வலப்பக்கம் விபத்து.

ஒருநாள் வலப்பக்க அடுக்கைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

“இதப் பாருங்களேன் அங்கிள். நாலு பேரு கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்டிருக்காங்க. நாலும் நம்மாளுங்க. வருஷம் வேற வேற, ஆனா எல்லாம் ஆடி மாசம். ஆடின்னா மட்டும் நம்மாளுங்களுக்குக் கை நடுங்குமா?”

சிரித்தாள். மூன்றாவது கோப்பு என் அண்ணனுடையது. பெட்டியிலிருந்து எடுத்தபோதே தெரியும். ஒன்றும் சொல்லாமல்தான் அவள் மேசையில் வைத்திருந்தேன்.

அண்ணன் குவாலா சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். வருஷம் தவறாமல் தோட்டத்துக் கோயில் தீக்குழியில் பூ மிதிப்பார். கடைசி வருஷம் குழியைத் தாண்டி வந்து நின்று, “சுடவே இல்லடா. பனி மேல நடந்த மாதிரி இருந்துச்சு. அம்மா குளிர வெச்சுட்டா,” என்றார். சனம் அவர் காலில் விழுந்தது. நானும் விழுந்தேன். என் நெற்றி பட்ட இடத்தில் தோல் உரிந்து தொங்கியது. அவர் மேலே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் அவர் நடந்து போனதை அதற்கு முன் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்று அருள் என்றுதான் நினைத்தேன்.

சில நாளில் நாற்றம் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் என் கையைப் பிடித்தார். “தீன்னு சொல்லிடாதடா. அம்மா அவனக் கைவிட்டுட்டான்னு பேசுவானுங்க.” சத்தியம் செய்தேன். முகப்பில் கேட்டபோது வெந்நீர் என்றேன். கால் போனது. மறு ஆடிக்குள் அவரும் போனார்.

சத்தியம் வாங்கியவர் இல்லை. அந்தப் பிடி மட்டும் இன்னும் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் பெட்டிகளை இங்குமங்கும் நகர்த்தினேன். பிறகு சொன்னேன்.

“ஆடியில பூ மிதிப்பாங்கம்மா. இது வெந்நீர் இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்தக் கோப்புல இருக்கிற பொய்யச் சொன்னதே நான்தான். எங்கண்ணன்.”

அவள் பேனாவை வைத்துவிட்டு, கோப்பின் உள்ளே இரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடி எடுத்தாள். இனிப்பு அளவு எக்கச்சக்கமாக இருந்தது.

“காலு மரத்துப் போயிருக்கும் அங்கிள். அதான் சுடல.”

எனக்கும் அது எப்போதோ தெரிந்துதான் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை.

“இந்தத் தாள் இருக்கறதால இடப்பக்கம் மாத்திடலாம். தீயச் சேக்க முடியாது, கோப்புல இல்ல. ஓரத்துல வேணா குறிப்பு எழுதறேன். யார் சொன்னதுன்னு போடணும்.”

“தம்பின்னு போடுங்க.”

எழுதினாள். முதல் பக்கத்தில் வெந்நீர் என்ற வரிக்குக் கீழேயும், தகவல் தந்தவர் என்ற இடத்தில், மலாயில் தம்பி என்றுதான் இருந்தது. கோப்பை நானே எடுத்து இடப்பக்கம் வைத்தேன்.

போன ஆடியில் அண்ணன் பூ மிதித்த அதே கோயிலுக்குப் போனேன். குழியின் அந்தப் பக்கம் நின்று, தாண்டி வந்த ஒருவரைக் கேட்டேன்.

“அண்ணே, சுட்டுச்சா?”

“பின்ன சுடாதா லா? தீயாச்சே.”

நல்லது என்று வழிவிட்டேன். அவருக்குப் பின்னால் வந்தவரிடமும் கேட்டேன். சுடவில்லை என்று தலையாட்டிச் சிரித்தார். அவர் கையைப் பிடித்தேன். விடவில்லை.