நம்பத் தகுந்த பக்கம்

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்த மாணவி நான்காக மடித்த சில தாள்களை என் மேசைமேல் வைத்தாள். மருத்துவ பீடத்தில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணினியும் தகவல் தேடலும் கற்பிப்பவள் நான். நானும் இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவள்தான். அவளுக்கு ஊர் கினிகத்தேனைக்கு மேலே ஒரு தோட்டம். கைபேசி தவிர வேறெதையும் தொட்டறியாமல் வந்தவள், மூன்றே மாதத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடியெடுப்பதில் வகுப்பையே முந்தியிருந்தாள்.

"மிஸ், இதெல்லாம் நம்பலாமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

யார் எழுதியது, எப்போது எழுதியது, எத்தனை நோயாளிகளைப் பார்த்து எழுதியது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். மூன்றுக்கும் ஓரத்தில் பென்சிலால் விடை எழுதியிருந்தாள். பிழையே இல்லை. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய் பற்றிய கட்டுரைகள். மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கும், குணமாக்காது என்றே எல்லாம் சொல்லின.

"நல்லாத் தேடியிருக்க. எந்தப் பாடத்துக்கு?"

"அப்பாவுக்கு மிஸ். கிளினிக் துண்டுல இந்தப் பேரத்தான் எழுதியிருக்காங்க." தாளொன்றைத் திருப்பிப் பார்த்தாள். "எங்கயாவது நான் தப்பாத் தேடியிருப்பேன்ல?"

நான் மருத்துவர் அல்ல. டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். "கேட்டேன் மிஸ். அவரும் இதத்தான் சொல்றாரு." வேறு வழி தெரியாமல் அவளோடு உட்கார்ந்து, சொற்களை மாற்றி மாற்றி மறுபடி தேடினேன். முற்றாகக் குணமாக்குவதாகச் சொன்ன பக்கங்களும் வந்தன. ஏதோ எண்ணெய், ஏதோ வேர். நான் வாசிக்கத் தொடங்குமுன், "அது விக்கிறவங்க எழுதினது மிஸ்" என்று அவளே மூடிவிட்டாள். என் பாடத்தை அவள் இவ்வளவு நன்றாகப் படித்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். லயத்து வாசலில் தலையணைகளில் சாய்ந்திருந்த அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. மகள் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ்... மக கம்பியூட்டர்ல பாத்துச்சாம். புது மருந்து வருதாம். குடிச்சா முழுசா நல்லாயிருமாம். நெசமாங்க?"

உள்ளே கோப்பைச் சத்தம் நின்றது.

"நெசந்தாங்க ஐயா" என்றேன். "நானும் பாத்தேன்."

"அப்பச் சரி. பொறுத்துக்கலாம்" என்று சிரித்தார்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடியுமுன் அவர் இறந்துபோனார். அவள் இப்போது ஆஸ்பத்திரியொன்றில் பயிற்சி டொக்டர். எங்காவது கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிக்கிறாள். அப்பாவின் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.