வர்க்கிச் சேட்டனின் டாக்சிக்கு ஒரு குடம் தண்ணீர்

கார் எஞ்சினை வீட்டு வாசலில் வைத்துக் கழுவிக்கொடுப்பது சுலபமான தொழில், கழுவிய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகவேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் இல்லாவிட்டால். பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் முன்னால் விழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குவைத்தில் பல வருஷம் வண்டி கழுவிவிட்டு, எழுபதுகளின் கடைசியில், நாற்பத்தேழு வயதில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினேன். இரண்டு மொழி படித்த திமிரில் வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் பலகை எழுதி மாட்டினேன். ஜனங்கள் இரண்டையும் படித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். நின்றவர் எதிர்ச்சந்து டாக்சிக்காரர் வர்க்கிச் சேட்டன் ஒருவர்தான்.

ஆவி

எர்ணாகுளம் சவாரி முடித்த சூட்டோடு அம்பாசடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். குவைத்தில் என்னிடம் வந்ததெல்லாம் வரிசையில் நின்று ஆறிப்போன வண்டிகள் என்பது எனக்கு அப்போது நினைவில்லை. கிணற்று மோட்டாரில் ரப்பர் குழாயை மாட்டி அடித்தேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பிச் சந்து முழுவதையும் மறைத்தது.

ஆவி அடங்கியபின் சாவியைத் திருப்பினால் எஞ்சின் இருமியது, எழவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர். மூடியைக் கழற்றித் துடைத்துக் காயவைப்பதற்குள் அவருக்காகக் காத்திருந்த அடுத்த சவாரி பஸ் ஏறிப் போய்விட்டது. வர்க்கிச் சேட்டன் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “குளிப்பாட்டத்தான் சொன்னேன் அண்ணாச்சி, ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லலே.”

உப்பு

இரண்டு வாரம் கழித்து அதே பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் போல்ட்டுகளில் துரு, வயர் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கடல்நீர் ஏறும் காயலோரக் கிணறு எங்களுடையது. அந்த உப்புத் தண்ணீரில் நாங்கள் சோறுகூட வைப்பதில்லை. அதைத்தான் இரும்பின்மேல் அடித்திருந்தேன்.

நல்ல தண்ணீர் விடியற்காலைக் குழாயில் வரும். வரிசையில் நின்று பிடித்துவைப்பவள் என் மனைவி சரோஜா. தொழிலுக்கு என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். குடங்களை எண்ணுவதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். “ஒரு குடம்தான். அதுக்கும் மேல வண்டிக்குத் தாகம் எடுத்தா காயலுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

ஒழுகல்

அந்த வருஷம் டாக்சி ஓடத் தகுதிதானா என்று பார்த்து ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் கொடுக்கும் அதிகாரி, “இந்த எண்ணெய்ச் சேற்றில் என்னத்தைப் பார்ப்பது? நாளைக்குக் கழுவிக் கொண்டுவா” என்று டாக்சியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் காகிதம் இல்லாமல் வண்டி ஓடாது. வண்டி ஓடாமல் வர்க்கிச் சேட்டன் வீட்டில் அடுப்பெரியாது. வேறு வழியில்லாமல் என்னிடமே வந்தார். “நாளைக்கு இது பாஸாகலேன்னா, அண்ணாச்சி, உங்க பலகையை விறகுக்கு எடுத்துருவேன்” என்றார்.

எஞ்சினைத் தொட்டால் சுடாத வரைக்கும் காத்திருந்தேன். பாட்டரி வயரைக் கழற்றினேன். சேட்டன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி எறிந்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சைக்கிள் டியூப் துண்டால் கட்டினேன். மண்ணெண்ணெயும் பெயிண்ட் பிரஷுமாகச் சேற்றைக் கரைத்து, சோப்புத் துணி, அப்புறம் சரோஜாவின் குடத்தில் நனைத்துப் பிழிந்த துணி. ஒரு சொட்டும் ஊற்றவில்லை. துடைத்து, உலரவிட்டு, மண்ணெண்ணெய் வாடை போனபிறகு வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எழுந்தது. நான் நிமிர்வதற்குள் பெட்ரோல் வாடை. சட்டென்று அணைத்தேன். துடைத்து வைத்த, எஞ்சினுக்குப் பெட்ரோல் வரும் ரப்பர்க் குழாயில் ஈரம் முத்து முத்தாக நின்றது.

“இதுவரை ஒழுகாத குழாய்! பிரஷ்ஷால சுரண்டி ஓட்டை போட்டாச்சு!” சேட்டன் போட்ட கத்தலில் சந்தே கூடிவிட்டது. நான் குழாயை வளைத்துக் காட்டினேன். நெடுநாள் வெடிப்பு. சேறுதான் அதுவரை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, ஓடும்போது கொதிக்கும் புகைக்குழாய். சேட்டன் அதைப் பார்த்தார், பீடி எறிந்த இடத்தையும் பார்த்தார். போய்ப் புதுக்குழாய் வாங்கிவந்தார்.

மறுநாள் வண்டி பாஸ். மத்தியானம் இன்னொரு டாக்சிக்காரரைத் தோளைப் பிடித்து இழுத்துவந்தார். “அண்ணாச்சி, இவன் வண்டிக்கு ஒரு சீக்கும் இல்லையாம். கழுவி ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடுங்க.”

எஞ்சினைக் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும், கழுவியவன்மேல் விழும் பழியைக் கழுவத்தான் அந்தக் காயல் முழுக்கத் தேவைப்படுகிறது.