பகலில் வாட்ச் எங்கே இருக்கும்?

1. மூன்றாவது முறை

ஆறுமுகம் மூன்றாவது முறையாக அந்த வாட்ச்சைக் கொண்டுவந்து என் கடைக் கண்ணாடி மேல் வைத்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. திருப்பூரில் முப்பது வருடத்துக்கு மேலாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன். செய்த வேலை ஒரு தடவை திரும்பி வரலாம், அது சகஜம். மூன்று தடவை வந்தால் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

"மறுக்காவும் நின்னு போச்சுங்க," என்றார், ஏதோ அவர்தான் தப்பு செய்த மாதிரி.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருடம் அயர்ன் மாஸ்டராக இருந்தவர். தோள்பட்டை கெட்டுப்போய், இனி அயர்ன் பாக்ஸைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் அவரை அனுப்பிவிடாமல் பேக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். டேக் போடுவது, கவரில் போடுவது, உட்கார்ந்தபடி வேலை. அதற்குப் பிறகுதான் வாட்ச்சும் நிற்க ஆரம்பித்தது. இதை நான் கவனித்தேன். கவனித்துத் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

2. மூடிக்குள்ளே

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஆறுமுகம் கொண்டுவந்தது கைனெட்டிக் என்கிற வகை வாட்ச். கை அசைவில் சார்ஜ் ஆகிற குவார்ட்ஸ். பின் மூடியைத் திறந்தால் ஆட்டோமேட்டிக் வாட்ச் போலவே அரைவட்டமாக ஒரு ரோட்டார் ஆடும். ஆட்டோமேட்டிக்கில் அது ஸ்பிரிங்கை முறுக்கும். இதில் அது குட்டிப் பல்சக்கரங்கள் வழியாக ஒரு குட்டி ஜெனரேட்டரைச் சுற்றும். வருகிற கரண்ட் ஒரு ரீசார்ஜ் செல்லில் சேரும். அந்த கரண்டில் கிரிஸ்டல் வினாடிக்கு 32,768 தடவை அதிரும், சர்க்யூட் அதை எண்ணி வினாடிக்கு ஒரு தடவை மோட்டாரைத் தட்டிவிடும். சார்ஜ் குறைந்தால் செகண்ட் முள் இரண்டிரண்டு வினாடியாகத் தாவும். அது பசிக்கிறது என்று அர்த்தம். அப்போதும் நேரம் சரியாகவே காட்டும். பிறகு நின்றுவிடும். இதில் மறந்தும் சாதாரண பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்த்து உள்ளே கசியவிட்டுவிடும்.

முதல் முறை செல்லை மாற்றினேன். இரண்டாவது முறை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டேன். மூன்றாவது முறை என் கையிலேயே ஒரு வாரம் கட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. என் கையில் ஓடுகிறது, அவர் கையில் நிற்கிறது. கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாங்க வந்தபோது சொல்லியும் விட்டேன்.

"வாட்ச் சுத்தமா இருக்குதுங்க. இது வேலை செய்யற கையில தானுங்க ஓடும். நீங்க அயர்ன் தேய்ச்சப்ப கை நாள் பூரா ஆடுச்சு. இப்ப உக்காந்திருக்கற கைக்கு இது எப்படிங்க ஓடும்?"

பெரிய விஞ்ஞானம் சொன்ன பெருமை எனக்கு. அவர் வாட்ச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

"இங்கயே கெடக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

3. சரசு கேட்ட பொய்

பத்து நாள் கழித்து அவர் மனைவி சரசு கடைக்கு வந்தார்.

"ஏனுங்ணா, எங்க ஊட்டுக்காரருகிட்ட என்ன சொன்னீங்க? இந்தச் சனிக்கெழமையோட கம்பெனிய உட்டு நின்னுக்கறேங்கறாரு. ஏன்னு கேட்டா, 'சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறது வாட்ச்சுக்கே தெரிஞ்சு போச்சு'ங்கறாரு. இந்தத் தோள வெச்சுக்கிட்டு வேற எங்கீங்ணா வேலை குடுப்பாங்க?"

என் வாய் இத்தனை வேலை செய்திருக்கிறது என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"வாட்ச்சுலதான் கோளாறுன்னு ஒரு பொய்ய சொல்லிக் குடுத்துருங்ணா," என்றார்.

சரி என்றேன். தொழிலில் பொய் சொன்னதில்லை என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லத் தயாராகத்தான் அருள்புரத்துக்கு வண்டியைக் கிளப்பினேன்.

4. கதவுக்கு வெளியே

பேக்கிங் செக்‌ஷன் வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"உள்ள போவணும்னா வாட்ச், மோதிரம், சாவி எல்லாத்தையும் கழட்டிருங்க அண்ணாச்சி. இது மெட்டல் ஃப்ரீ ஏரியா. ஊசி கீசி துணியோட போயிரக்கூடாதுன்னு மிஷின் வச்சு செக் பண்ணுதாங்க."

பக்கத்தில் அறை அறையாகத் தடுத்த ஒரு மரப்பெட்டி. ஒவ்வொரு அறையிலும் ஒரு பெயர்ச் சீட்டு. உள்ளே வாட்ச்சுகளும் மோதிரங்களும் அசையாமல் கிடந்தன. மூன்றாவது வரிசையில் 'ஆறுமுகம், பேக்கிங்' என்று ஒரு அறை காலியாக இருந்தது.

"இதுல காலைல போட்டா எப்பங்க எடுப்பாங்க?"

"ஷிப்ட் முடிஞ்சு, ராத்திரி எட்டு மணிக்கு."

எனக்குக் கன்னத்தில் நாலு அறை வாங்கினது போல இருந்தது. மூன்று தடவை அந்த வாட்ச்சைப் பார்த்தேனே, ஒரு தடவையாவது 'பகலில் இது எங்கே இருக்கும்' என்று கேட்டேனா?

டீ டைமில் ஆறுமுகம் வெளியே வந்தார். வாட்ச்சைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெட்டியைக் காட்டினேன்.

"நான் சொன்னது தப்புங்க. உங்க கை மேல ஒரு குத்தமும் இல்லீங்க. இது உங்க கையிலயே இல்லையே. பன்னெண்டு மணி நேரம் பொட்டிக்குள்ள கெடக்குது. போறப்பவும் வர்றப்பவும் வேன்ல உக்காந்திருக்கீங்க, ஊட்டுக்குப் போனதும் கழட்டி வெச்சுட்டுத் தூங்கறீங்க. அப்பறம் எப்படிங்க சார்ஜ் ஏறும்?"

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ஒரு நாளைக்கு எத்தன பீஸுக்கு டேக் போடறேன் தெரியுங்களா? இந்தக் கைதானுங்க," என்றார். சரசு கேட்ட பொய் தேவையே படவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் நிற்கவில்லை. வாட்ச்சுக்கு வழி கண்டுபிடித்ததும் அவரேதான். அயர்னிங் செக்‌ஷன் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம். அங்கே வாட்ச் கட்டலாம். அவருடைய பழைய டேபிளில் இப்போது நிற்பவர் ஒடிசாக்காரர் தீபக். காலையில் பெட்டியில் போடாமல் தீபக் கையில் கட்டிவிடுகிறார். ஷிப்ட் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். ரிப்பேருக்கு இல்லை. வாட்ச் ஓரத்தில் சார்ஜ் பார்க்கிற பட்டனை அமுக்கிக் காட்டினார். செகண்ட் முள் சட்டென்று பாதி வட்டம் ஓடி நின்றது. அதற்கு மேல் அது ஓடாது; முழு சார்ஜ்.

"தீபக் சார்ஜுங்க," என்று சிரித்தேன்.

"பாதி அவரு. ராத்திரி வேன உட்டுட்டு நடந்தே ஊட்டுக்கு வர்றனுங்க. பாதி நானு."

என் சர்வீஸ் சீட்டில் பெயர், போன் நம்பர், கோளாறு என்று மூன்று வரிதான் இருந்தன. இப்போது நாலாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பகலில் வாட்ச் எங்கே இருக்கும்? அதற்குப் பதில் எழுதாமல் நான் மூடியைத் திறப்பதில்லை.