பிள்ளையாரை நகர்த்தாத சம்பத்

சம்பத் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிடைத்தது. அதற்குக் காரணமும் அவர்தான். வண்டி ஓட்டும்போது போன் பின் சீட்டில்தான் கிடக்க வேண்டும் என்று எனக்குச் சட்டம் போட்டவர் அவர். அன்று காலை கீழ்பென்னாத்தூர் பக்கம், கன்று போட முடியாமல் தவித்த பசு ஒன்றைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். போன் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை. வேலை முடிந்து கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், அவர் மனைவி கலா நான்கு முறை கூப்பிட்டிருந்தார். "காத்தால நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரும்மா. அவ்ளோதான்" என்றார். 

இந்த நினைவுக் கூட்டத்தில், வேங்கிக்காலில் அவர் கடைக்கு வண்டி விட்டவர்களுக்கு நான் சம்பத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கார் எலக்ட்ரீஷியன், ஹெட்லைட்டிலிருந்து பாட்டு செட் வரை எல்லாம் பார்ப்பார். நான் கால்நடை மருத்துவர். கொஞ்சம் கோபக்காரி என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்.

சில வருடங்களுக்கு முன் மடியில் போனை வைத்து மேப் பார்த்தபடி ஒரு கிராமத்தைத் தேடிப் போனேன். ஒரு நொடி குனிந்தேன். வண்டி மல்லாட்டைக் கொல்லைக்குள், வேர்க்கடலைச் செடிகளை நசுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இரண்டடி தள்ளி இருந்ததால் பிழைத்தார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. யாராவது பைக்கில் வந்து கூட்டிப் போனால் போவேன். இல்லையென்றால் மாடு செத்துவிட்டது என்று மறுநாள் சொல்வார்கள். வேலையையே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

உடைந்த ஹெட்லைட்டை மாற்ற வண்டி சம்பத்திடம் போனது. நடந்ததைச் சொன்னேன். அவர் வண்டியின் திரையைத் தட்டிக் காட்டினார். "மேப்பு இதுலயே இருக்குது டாக்டரம்மா. ஜிபிஎஸ் ரிசீவர் மட்டும் வெக்காம, கம்மி மாடல்னு வித்துட்டாங்க. செட்டுக்குப் பின்னாடி அதுக்கான சாக்கெட்டு சும்மாதான் கெடக்குது. போட்டுட்டா நீங்க குனியவே வேணாம்" என்றார்.

ரிசீவர் தீப்பெட்டி அளவுதான். வானத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடித்து, வண்டி எங்கே நிற்கிறது என்று திரைக்குச் சொல்லும். டேஷ்போர்டைப் பிரித்து, நடுவில் உள்பக்கமாக ஒட்டி, ஒரு ஓட்டைகூடப் போடாமல் மூடினார். "இனிமே போன் பின் சீட்டுல. அடிச்சா அடிக்கட்டும். போன முன்னாடி பாத்தேன்னா, போட்டத கழட்டிடுவேன்" என்றார். சரி என்றேன்.

கடையில் அம்புக்குறி ஒழுங்காகக் காட்டியது. செங்கம் ரோட்டில் என் வீட்டு வாசலுக்கு வந்தால், வண்டி தீபம் ஏற்றும் மலை உச்சியில் நிற்பதாகக் காட்டியது. திரும்பக் கடைக்குப் போனேன், சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தேன், மலை உச்சி. "தீபத்துக்கு உங்களுக்கு பாஸே வேணாம், மேலயே இருக்கறீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காவது முறை, கடையில் நாலு பேர் இருக்கும்போது, "வேலை தெரியலன்னா சொல்லிடுங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் தன் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு செம்பருத்திப் பூவோடு என் பிள்ளையார் இருந்தார். விபத்துக்குப் பிறகு என் தங்கை டேஷ்போர்டின் நடுவில் வைத்துவிட்டுப் போன பிள்ளையார், உள்ளங்கை அகலப் பித்தளைத் தட்டோடு. எந்த வண்டியில் கை வைத்தாலும் சாமியை முதலில் இறக்கி, பூ வைத்துவிட்டுத்தான் சம்பத் வேலையைத் தொடுவார். எல்லாம் சோதித்துப் பார்த்த பிறகு, கடைசியாகத் திரும்ப வைப்பார்.

"பித்தளைத் தட்டு சரியா ரிசீவர் மேலயே குந்திக்கினு சிக்னல மறைச்சிருக்குது டாக்டரம்மா. நான் ஒவ்வொரு வாட்டியும் மரியாதையா எறக்கி வெச்சுட்டு டெஸ்ட் பண்ணியிருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப பிள்ளையாரை ஓரமா வெச்சிடுங்க" என்றேன்.

"அவர் எதுக்கு நகரணும்? தப்பு என்னுது. நானே நகத்திக்கறேன்."

டேஷ்போர்டை மறுபடி முழுதாகப் பிரித்து, ரிசீவரை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது, அந்தக் கத்தலைக் கேட்டவர்களும் இருக்கும் இந்த இடத்தில், கேட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தார். "மேப்புக்கு ரோடு தெரியும், பௌர்ணமி தெரியாது. அன்னிக்கு கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்ட அடைச்சிடுவாங்க, போலீஸ்காரர் கை காட்டற பக்கம் போங்க" என்றார். வழியில் என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "நடுங்கல, பாத்தீங்களா?" என்றார். உண்மைதான். நானே கவனித்திருக்கவில்லை.

சம்பத் போன அன்று காலை அந்தப் பசுவின் வயிற்றில் கன்றின் முன்னங்கால் மடங்கிச் சிக்கியிருந்தது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் கன்று பிழைத்திருக்காது. கலாவின் முதல் அழைப்பு வந்தபோது நான் பாதி வழியில்தான் இருந்தேன். போன் மடியில் இருந்திருந்தால் எடுத்திருப்பேன். எடுத்திருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பேன்.

துக்க வீட்டில் கலாவிடம் இதைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "என்னா கன்னு?" என்று கேட்டார்.

"கிடாரி. எழுந்து நின்னுடுச்சு."

"அவர்கிட்ட சொல்லியிருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சிருப்பாரு" என்றார். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.

எனக்கென்று அவர் விட்டுப்போனவை வண்டியிலேயே இருக்கின்றன: இடது ஓரத்தில் ரிசீவர், நடுவில் நகராத பிள்ளையார், பின் சீட்டில் போன். வண்டி ஓடும்போது அது அடிக்கும். அடிக்கட்டும்.