கொசுப்புகையும் கும்பிடுபூச்சியும்

பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கொசுப்புகை அடித்து முடித்திருந்தார்கள். வேலை முடிந்து வந்த எனக்கு, அந்த நெடி மூக்கில் ஏறியதுமே எட்டு வயதாகிவிட்டது.

அன்றும் இதே புகை. அப்பா சன்னல்களைச் சாத்தினார், மீன்தொட்டியைத் துண்டால் மூடினார், காய்ந்த துணிகளை உள்ளே இழுத்தார். நான் வளர்த்த கும்பிடுபூச்சியின் போத்தலை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டார். பள்ளிவிட்டு வந்து பார்த்தால், செத்துக் கிடந்தது. "பூச்சிதானே, விடு லா," என்றார்.

இந்த வயதிலும் பூச்சி வளர்க்கிறேன். இன்று அதே பயத்தோடு மாடிக்கு ஓடினேன். போத்தல் வாசலில் இருந்தது. மூடியின் துளைகள் வழியே புகை புகுந்து, பூச்சி மல்லாந்து கிடந்தது. கத்திவிட்டேன். "பூச்சிதானேன்னு மறுபடியும் வெளிய விட்டுட்டீங்களாப்பா?"

அப்பா கதவைத் திறந்தார். "உள்ளதான்டா இருந்துச்சு. சன்னலெல்லாம் சாத்திட்டேனா, அதுக்கு மூச்சு முட்டுமேன்னு நான்தான் வெளிய கொண்டாந்து வச்சேன்."