கொம்புத் தண்ணீர் தெளித்த பாதி

வெள்ளம் வடிந்த மார்கழிக் காலையில், கனகசுந்தரத்தாரின் வீட்டு வாசற் படலையடியில் ஒரு மாட்டுக்கொம்பு கிடந்தது. உள்ளே சாணி அடைத்திருந்தது. வேலியோரம் இன்னும் சில. கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் வைக்க வந்த அவருடைய மனைவி வீரிட்டதில் சம்பூரின் அரைவாசி அங்கே கூடிவிட்டது. சாணி புனிதம். செத்த மாட்டின் கொம்பு? அதற்குள் சாணி? ஒருவரும் கிட்டப் போகவில்லை. எல்லோருடைய முகத்திலும் ஒரே சொல் இருந்தது: சூனியம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிறில் வந்தார்.

"ஐயா, பயப்பிடாதேங்கோ. அது என்ர தோட்டத்துப் பசளை. வெள்ளம் கிளப்பிப்போட்டுது."

அதைக் கேட்ட பிறகுதான் கனகசுந்தரத்தார் உண்மையிலேயே பயந்தார்.

சிறில் தோட்டக்காரராகப் பிறந்தவர் அல்ல. திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்தவர். ஐம்பத்தேழில் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டு அவர்கள் போனபோது வேலையும் கப்பலேறியது. மனைவி எல்சியோடு சம்பூருக்கு வந்து கனகசுந்தரத்தாரின் தரையொன்றைக் குத்தகைக்கு எடுத்தார். வெறும் மணல், வெயில் விழுந்தால் அப்படியே திரும்பி முகத்தில் அடிக்கும். அதற்குள் மீன்கழிவு, பூவரசந் தழைகுழை, மாட்டுப்பட்டிச் சாணி என்று கிடைத்ததையெல்லாம் வருடக்கணக்காகப் புதைத்துத் தாட்டார். மணல் மெல்ல மெல்லக் கறுத்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தினமும் பார்க்கும் முகம் மாறுவது யாருக்குத் தெரிகிறது?

எழுபதுகளில் சங்கக் கடையில் யூரியா உரம் காணாமற்போனது. அந்த நேரத்தில்தான், சிறில் போகும் மாதா கோயிலுக்கு வந்திருந்த ஜேர்மன் துறவி, பிறதர் ஒருவர், தன் நாட்டு முறையைச் சொல்லிக்கொடுத்தார். மாட்டுக்கொம்புக்குள் சாணியை அடைத்து, குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் தாட்டு வைக்கவேண்டும். கிளறி எடுத்து, ஒரு பிடியைத் தண்ணீரில் இட்டு, ஒரு மணித்தியாலம் இடமும் வலமுமாகச் சுழற்றித் தெளிக்கவேண்டும். வானத்துச் சக்தி மண்ணில் இறங்கும், விளைச்சல் பெருகும். புரட்டாதியில் வரும் மிக்கேல் சம்மனசு திருநாளில் தாழ்ப்பது, உயிர்த்த ஞாயிறன்று எடுப்பது.

கொம்பு கேட்டு மூதூர் இறைச்சிக்கடைக்குப் போனபோது கடைக்காரர் பக்கீர் சிரித்தார். "சூப்புக்கு எலும்புதானே நல்லம், மச்சான்? கொம்ப வெச்சு ஊதப் போறீங்களா?"

பிறதரின் ஊரில் அந்த மாதங்களில் பனி கொட்டும். இங்கே கொட்டுவது மாரி மழை. பள்ளக்காணியில் தாழ்க்கிறோமே என்று சிறில் யோசிக்கவில்லை. திருநாள் திகதி சரியாக இருந்தது. அவருக்கு அது போதும்.

படலையடியில் கனகசுந்தரத்தார் கொம்பைக் காட்டிக் கேட்டார்: "கொம்பு பசளையோ? ஆருக்குக் கதை விடுறீர்?"

"அப்பிடியெண்டா என்ர எருமை நடமாடுற உரக்கடை" என்றான் பின்னால் ஒருவன். சிலர் சிரித்தார்கள். கனகசுந்தரத்தார் சிரிக்கவில்லை.

"சரி. வெங்காயம் வைக்கேக்க பாதித் தரைக்கு அந்தத் தண்ணியைத் தெளியும். மற்றப் பாதிக்கு வேண்டாம். தெளிச்ச பக்கம் கூட விளைஞ்சா அது பசளை. இல்லாட்டி நீர் என்ர குடும்பத்துக்குச் செய்த சூனியம்தான். காணியை விட்டிட்டுப் போகவேணும்."

"ஓம், ஐயா" என்றார் சிறில். எல்சியிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

வெள்ளம் விட்டுவைத்த கொம்புகளை உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்த கையோடு கிளறி எடுத்தார். பழைய பெயின்ற் வாளியில் சுழற்றிச் சுழற்றித் தோள் வீங்கியது. ஆடியில் வெங்காயம் பிடுங்கி இரண்டு குவியலாகப் போட்டார்கள். இரண்டும் ஒரே உயரம். எல்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சாருங்கோ, தெளிக்காத பக்கத்தில ரெண்டு சாக்கு அள்ளி இஞ்சால போட்டு விடுங்கோவன். ஆர் பாக்கப்போகினம்?"

"துருவுக்கு மேல பெயின்ற் அடிச்சா ஓட்டை மறையுமோ?"

"இது கப்பலோ? வெங்காயம்! எங்கட சோறு!"

அவர் அசையவில்லை. எல்லோருக்கும் முன்னால் நிறுத்தார்கள். தராசு இரண்டு பாதிக்கும் ஒரே கதையைத்தான் சொன்னது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வாய் திறந்தபடியே இருந்தது. யூரியா இல்லாமல் ஊர் முழுவதும் வெங்காயம் கச்சான் கடலைப் பருப்பளவில் சிறுத்துக் கிடந்த வருடம் அது. இங்கே இரண்டு குவியலிலும் ஒவ்வொன்றும் குழந்தையின் கைப்பிடி அளவு இருந்தது.

"கொம்பால ஒண்டும் நடக்கேல்லை, ஐயா. சொன்னபடி நான் எழும்புறன்."

கனகசுந்தரத்தார் குனிந்து, தெளிக்காத பக்கத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளினார். கறுப்பு மண். பிசைந்தார்; மூக்கருகில் கொண்டுபோனார். தன் காணியை முதன்முதலாகக் காண்பவர் போலிருந்தது.

"இல்லை, சிறில். சூனியம் செய்தவன் இப்பிடி நிண்டு சொல்லமாட்டான். நான் நினைச்சதுதான் பிழை. உம்மில எனக்கு ஒரு கோவமுமில்லை."

எல்சி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கொம்பில்லாமலே இப்பிடி விளையுதெண்டா," அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார், "இனி ஆர் செய்தாலும் விளையும். வாற போகத்தில இருந்து காணியை நானே செய்யுறன்."

சூனியக்காரனென்று அடித்துத் துரத்தியிருந்தால் திட்டியாவது இருக்கலாம். இந்த மரியாதைக்கு என்ன செய்வது? அந்த ரெண்டு சாக்கை மாற்றிப் போட்டு, கொம்பால்தான் விளைந்தது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால், கொம்புத் தண்ணீர் சுழற்றத் தெரிந்த ஒரே மனிதனை இந்தக் காணி விட்டிருக்காது.

போகத் திரும்பிய கனகசுந்தரத்தார் நின்றார். "ஓ, மறந்திட்டன். என்ன குழையைத் தாட்டனீர்?"

"சொல்லாதேங்கோ!" எல்சியின் குரல் கிழிந்தது.

"பூவரசு, ஐயா" என்றார் சிறில். "பிஞ்சுக் குழையா வெட்டவேணும். முத்தினா மண்ணில உக்காது."

எல்சி அவரைப் பார்த்தபடி, இரண்டு குவியலுக்கும் நடுவில் அப்படியே குந்திவிட்டாள்.