பார்க்கப் போன வீடு

கோவை விமான நிலையத்தில் என் சென்னை விமானம் தாமதம். காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பாதி எழுந்து, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார், நான் அவர் வீட்டு விருந்துக்கு வந்ததுபோல. கஞ்சி மொடமொடக்கும் வெள்ளை வேட்டி, சட்டை. காலில் மட்டும் பளபளக்கும் புது ஷூ. அந்த வரிசைக்கு யார் வந்தாலும் அதே கும்பிடு, அதே "வாங்க".

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியோடு மலேசியாவின் பினாங்கில் குடியேறிவிட்டாராம்.

"அங்கே வாடகை வீடுங்களா, சொந்த வீடுங்களா?"

"வாடகைக்கு இருந்து பாக்கலாம்னுதானுங்க போனோம். சம்சாரமும் அதையேதான் சொல்லுச்சு. புரோக்கரு வெலைக்கு இருக்கற ஒரு ஊட்டைக் காட்டுனாரு. வேண்டாம்னு சொல்லிப்போட்டு வாசல்ல நின்னனுங்க. ரோட்டுல ஒரு வயசான சீனக்காரம்மா போச்சு. பழக்கத்துல 'வாங்க'ன்னு கும்புட்டுப்போட்டேன். அந்தம்மா நேரா உள்ள வந்து உக்காந்துக்கிச்சுங்க!"

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறமென்னங்க, வாங்கிப்போட்டோம். விருந்தாளியா ஒறம்பரை வந்து உக்காந்த ஊட்டை எப்படீங்க வேண்டாங்கறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்பக்கூட ஊட்டுச் சாவி அந்தம்மாகிட்டத்தானுங்க இருக்குது."

அன்று மாலை, சென்னையில் எங்கள் குடியிருப்பு லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர் ஏறினார். என்னையறியாமல், "வாங்க, வாங்க" என்றேன்.

தப்பான லிஃப்டில் ஏறிவிட்டோமோ என்று அவர் வெளியே எட்டிப் பார்த்தார்.